திராட்சைத் தோட்டத்தில் நிற்கும் போர் விமானங்கள்: பர்கண்டி பயணக் குறிப்புகள்

வெள்ளி, இரவு

பர்கண்டிக்கு எல்லாரும் ஒயினுக்காகப் போவார்கள். நான் போவது ஓர் ஒயின்காரர் வாங்கிக் குவித்த பழைய போர் விமானங்களைப் பார்க்க. கூடவே மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

மூன்று பேர் என்றால் பாரிசில் எனக்கு மேல் மாடியில் குடியிருக்கும் அக்கா, அண்ணா, அவர்களுடைய எட்டு வயதுப் பையன். கிளிநொச்சிப் பக்கத்துக்காரர்கள். அண்ணா பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்க்கிறார். நான் அலுவலக வேலையாக வந்து தங்கியிருப்பவள். சொந்த ஊர் சூலூர். விமானப்படைத் தளத்துச் சத்தத்தில் வளர்ந்தவள் என்பதோடு, சித்தப்பா விமானப்படையில் மிக்-21 இன்ஜின் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் எங்கள் வீட்டில் கதை என்றால் அது இன்ஜின் கதைதான்.

கடை பூட்டிக் கிளம்பவே ஏழு மணி. ஏ6 நெடுஞ்சாலையில் தென்கிழக்காக முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பெயாஜில், அதாவது சுங்கச் சாவடியில், கார்டை நீட்டும்போது அண்ணா ஒரு பெருமூச்சு விட்டார். போன் நகரத்துக்கு வெளியே ஒரு மலிவு ஓட்டலில் அறை. அக்கா கட்டிக்கொண்டு வந்த புட்டும் கட்டச் சம்பலும் தீர்ந்தன. பையன் தூங்கிவிட்டான். நாளைக்கு எழுதுகிறேன்.

சனி

சவின்யீ-லே-போன் என்பது போன் நகரத்திலிருந்து காரில் பத்து நிமிடத்தில் வரும் சின்னக் கிராமம். நடுவில் ரோவான் என்ற ஓடை. சுற்றிலும் திராட்சை. மே மாதம் என்பதால் கொடிகளில் இலை இப்போதுதான் விரிந்திருக்கிறது. 1340இல் பர்கண்டி மார்ஷல் ழான் த ஃப்ரொலுவா கட்டிய கோட்டை மாளிகை இங்கே இருக்கிறது. 1478இல் பதினோராம் லூயியின் படை அதன் பாதுகாப்புச் சுவர்களை இடித்தது. 17ஆம் நூற்றாண்டில் பூயியே குடும்பம் எடுத்துச் சரிசெய்தது. சரி, வரலாறு போதும்.

1979இல் அதை வாங்கியவர் மிஷேல் போன். திராட்சை விவசாயி, கூடவே அபார்த் கார்களில் பந்தயம் ஓட்டியவர். முதலில் மோட்டார் சைக்கிள், பிறகு கார், பிறகு டிராக்டர், பிறகு தீயணைப்பு வண்டி என்று சேர்த்துக்கொண்டே போனவர் போர் விமானத்தில் வந்து நின்றார். அவருடையது தனியாள் சேகரிப்பில் உலகிலேயே பெரியது என்று கின்னஸ் புத்தகம் பதிந்தது: 110 போர் ஜெட்கள். பல சின்ன நாடுகளின் விமானப்படையிடம் அவ்வளவு கிடையாது. எல்லாம் ஆயுதம் கழற்றியவை, இனி பறக்காதவை.

மாளிகையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால் திடீரென்று புல்வெளி முழுக்க விமானங்கள். கூரை கிடையாது. வரிசை வரிசையாக, ஒன்றின் இறக்கை நுனிக்கும் அடுத்ததன் மூக்குக்கும் நடுவே ஆள் நுழையும் அளவுதான் இடம். நாட்டு வித்தியாசம் எதுவும் இல்லை. ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்துவதற்காகவே வடிவமைக்கப்பட்ட அமெரிக்க விமானமும் ரஷ்ய விமானமும் அக்கம்பக்கத்தில் நிற்கின்றன. வேலிக்கு அப்பால் திராட்சைச் சரிவு. கொடி வரிசையின் தலைக்கு மேலாகவே ஓடும் நெட்டைக் கால் டிராக்டர் ஒன்று மருந்து அடித்துக்கொண்டு போனது.

அருங்காட்சியகத்துப் பளபளப்பை எதிர்பார்த்து யாரும் வர வேண்டாம். வெயிலும் மழையும் பனியும் தின்ற பெயின்ட். இறக்கை மடிப்புகளில் பச்சைப் பாசி. விமானி உட்காரும் கண்ணாடிக் கூண்டு பல விமானங்களில் மஞ்சளாகிப் பொடிப்பொடியாக வெடித்திருக்கிறது. எனக்கு இதுதான் பிடித்தது. கயிறு கட்டித் தள்ளி நிறுத்தாமல் வயிற்றுக்குக் கீழேயே போய்ப் பார்க்கலாம். ரிவெட் வரிசை, எண்ணெய் கசிந்த கறை, 'இங்கே மிதிக்காதே' என்று எந்த மொழியிலோ எழுதி அழிந்துபோன எழுத்து எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்.

மிக்-21ஐப் பார்த்ததும் சித்தப்பாவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே மதியச் சாப்பாடு முடிந்து படுத்திருந்தார். மிக் என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணு, மூக்கு ஊசி மேல இருக்குதா, கீழ இருக்குதா?"

மேலே இருந்தது. "அப்ப அது பின்னாடி வந்த ரகம். மொதல் ரகத்துல கீழ இருக்கும். சரி, அப்படியே சுத்தி வாலுக்குப் போ."

அடுத்த அரை மணி நேரம் நான் வெறும் கேமரா தூக்கி. முன்வாய்க்குள் இருக்கும் கூம்பைக் காட்டச் சொன்னார். வேகத்துக்கு ஏற்ப அது முன்னும் பின்னும் நகர்ந்துதான் இன்ஜினுக்குப் போகும் காற்றைச் சரிசெய்யும். பிறகு உடம்பின் நடுப்பகுதியில் சுற்றிவர ஓடும் ஒரு கோடு. மிக்-21 என்பது குழாய்க்கு இறக்கை ஒட்டிய மாதிரி விமானம். இன்ஜினை வெளியே எடுக்க வேண்டுமென்றால் அந்தக் கோட்டில் பிரித்து, பின்பாதி முழுவதையும் இழுத்துக் கழற்ற வேண்டும். "அந்த ஜாயின்ட் போல்ட்டுகளைக் கோடை வெயில்ல கழட்டிப் பாத்தாத் தெரியும்" என்றார். அவர் வேலை பார்த்தது மிக்-21இன் கடைசி ரகமான 'பிஸ்'ஸில். 1963இல் இந்திய விமானப்படைக்கு வந்த மிக்-21 சண்டிகரில் 2025 செப்டம்பர் 26 அன்று விடைபெற்றது. அன்று டிவி முன்னால் உட்கார்ந்தவர் மத்தியானம் வரை எழவில்லை என்று சித்தி சொல்லியிருந்தார்.

பையன் வால் ஓட்டைக்குள் தலையை விட்டு, போன் விளக்கைப் போட்டு, "அன்ரி, உள்ளுக்கு வளையம் இருக்கு, கரி!" என்று கத்தினான். "அதான் ஆப்டர்பர்னர், தங்கமே" என்று சூலூரிலிருந்து பதில் வந்தது. கூடுதல் வேகத்துக்காக வால் பக்கத்தில் மறுபடியும் எரிபொருளைப் பீய்ச்சி எரிக்கும் இடம்.

இரண்டு வரிசை தள்ளி எஃப்-104. எனக்கு நேரில் பார்க்க ஆசையாக இருந்த விமானம். இறக்கையா அது? ஒரு பக்கத்துக்கு எட்டடி கூட இல்லாத சின்னத் தகடு. முன்விளிம்பு அரை மில்லிமீட்டருக்கும் குறைவான கனம். தரையில் நிற்கும்போது வேலையாட்கள் இடித்துக் கையைக் கிழித்துக்கொள்ளாமல் இருக்க அதற்கு உறை போட்டு வைப்பார்களாம். ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் போகச் செய்தது. அந்த வேகத்துக்குக் கொடுத்த விலையும் பெரியது. மேற்கு ஜெர்மனி வாங்கிய 916இல் 292 விழுந்தன, 116 விமானிகள் செத்தார்கள். விதவைகளை உண்டாக்கும் விமானம் என்று அங்கேயே பட்டப்பெயர் வைத்தார்கள். அதற்குள் இருந்தது ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஜே79 இன்ஜின். அதே இன்ஜின்தான் அமெரிக்காவின் பாண்டம் போர் விமானத்துக்கும். இதையெல்லாம் அண்ணாவிடம் நான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார், பாவம்.

பிரிட்டிஷ் லைட்னிங்கைப் பற்றியும் ஒரு வரி. இரண்டு இன்ஜினைப் பக்கவாட்டில் வைக்காமல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய விமானம் அது. சக்கரம் மெல்லிய இறக்கைக்குள் மடங்க வேண்டும் என்பதால் டயரும் ஒடிசல். அழகு என்று சொல்ல வராது. ஆனால் அதன் கீழே நின்று மேலே பார்த்தால் ஒரு மிரட்டல் இருக்கிறது.

மிராஜ் வரிசைக்கு வந்தபோது அக்கா பின்தங்கிவிட்டார். இந்த மாளிகையில் மிராஜ்கள் நிறைய. வால் பக்கம் கிடைமட்டமான சிறகு கிடையாது, இறக்கை முழுக்க ஒரே முக்கோணம். பிரான்சின் தசோ கம்பெனி 1956இல் முதன்முதலாகப் பறக்கவிட்ட மிராஜ் 3, மேற்கு ஐரோப்பாவில் செய்த போர் விமானங்களில் மட்டமாகப் பறந்தே மாக் 2ஐ, அதாவது ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தை, முதலில் தொட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது அக்கா அதன் மூக்குக்கு நேர் எதிரே நின்றிருந்தார்.

"தங்கச்சி, உது கிபிர் எல்லே?"

"இல்லக்கா, மிராஜ். மிராஜ் 3."

"எனக்கு உது கிபிர்தான்."

அண்ணா ஒன்றும் பேசவில்லை. "வாடா, ஹெலி பாப்பம்" என்று பையனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார்.

அக்கா சொன்னது பெரிய தப்பும் இல்லை. இஸ்ரேல் மிராஜ் 5 விமானங்கள் 50க்கு ஆர்டர் கொடுத்துக் காசும் கட்டியிருந்தது. அரபு நாடுகளோடு நடந்த 1967 ஜூன் போரை ஒட்டி பிரெஞ்சு அதிபர் டிகோல் விற்பனையை நிறுத்திவிட்டார். அந்த ஐம்பதும் கடைசியில் பிரெஞ்சு விமானப்படைக்கே போயின. இஸ்ரேல் அதே உடம்பைத் தானே செய்துகொண்டது. பிறகு பிரெஞ்சு இன்ஜினுக்குப் பதிலாக அமெரிக்காவின் ஜே79ஐ உள்ளே வைத்து 1970களில் கிபிரை உருவாக்கியது. 1996இலிருந்து அது இலங்கை விமானப்படையில்.

கிபிருக்கு முன்பக்கம் இரண்டு சின்னச் சிறகு உண்டு, வாலின் அடியில் காற்று வாங்க ஒரு துளை உண்டு, இதில் அவை இல்லை என்று காட்டினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"என்ன இன்ஜின் எண்டு சொன்னீர்?"

"ஜே79. அதோ, அந்தக் குட்டை இறக்கை நிக்குது பாருங்க, எஃப்-104. அதோட இன்ஜின்."

அந்தப் பக்கம் பார்த்தார். திரும்ப மிராஜைப் பார்த்தார். "அப்ப சத்தம் அதின்ரை. உடம்பு உதின்ரை."

இத்தனை வருடமாகக் கட்டுரைகளும் படங்களும் பார்த்து விமானம் விமானம் என்று திரிகிறேன். கிபிரை யாரும் எனக்கு இப்படி ஒரு வரியில் சொன்னதில்லை.

பிறகு அவர் குனிந்தார். முழங்காலில் கை ஊன்றி இறக்கைக்குக் கீழே தலையை நீட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தார். வெள்ளி நிறம், நடுவே எண்ணெய் வழிந்த கோடுகள். நிமிர்ந்து மேல்பக்கத்தைப் பார்த்தார். அங்கே சாம்பலும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக நிறம்.

"நாங்கள் கீழ இருந்துதானே கண்டனாங்கள். மேல் பக்கத்துக்கு வேற நிறம் அடிச்சிருக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்."

தொங்கும் எரிபொருள் தொட்டியை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். வெறும் தகரச் சத்தம். அப்புறம் அவராகவே பேசினார். வீட்டு முற்றத்தில் எல் வடிவத்தில் பங்கர் வெட்டியிருந்தார்களாம். ஒரு பக்கம் விழுந்தால் சிதறல் அடுத்த பக்கம் வராது என்பதற்காக அந்த வளைவு. மழை பெய்தால் உள்ளே தண்ணீர் நிற்கும், பாம்பு வந்து கிடக்கும். "பாம்புக்கு வெளியில வாறதோ, உதுக்கு உள்ள இருக்கிறதோ எண்டு பாக்கவேணும்." சத்தம் வரும் பக்கம் பார்த்தால் விமானம் அங்கே இருக்காதாம், எப்போதோ முன்னால் போயிருக்குமாம். சின்னப் பிள்ளைகள்கூட அதைப் பழகி, சத்தத்துக்கு முன்னால் தேடுவார்களாம். எதையும் குரலை ஏற்றாமல்தான் சொன்னார்.

ஒவ்வொரு விமானத்தின் முன்னாலும் வைத்திருக்கும் விவரத்தில் நீளம், எடை, இன்ஜின், வேகம்தான் உண்டு. என்னைப் போன்றவர்கள் தேடுவதும் அதைத்தான். இது எந்த ஊருக்கு மேலே பறந்தது என்று நான் இதுவரை எந்த அருங்காட்சியகத்திலும் தேடிப் பார்த்ததில்லை.

"சரி வாங்கோ, சோறு ஆறிப்போகுது" என்று அக்கா முன்னால் நடந்தார்.

ஓடைக்கரைப் பெஞ்சில் சோற்றுப் பார்சல். கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, பொரித்த மிளகாய். அதன்பிறகு பையனுக்காக மாளிகைக்குள் போனோம். மாடியில் இருநூற்றுக்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள்கள், கொட்டகையில் சிவப்புச் சிவப்பாக அபார்த் கார்கள். அவனுக்கு இதுதான் சொர்க்கம். எனக்குக் கால் வலி. அண்ணா கிராமத்தில் ஒரு சிவப்பு ஒயின் வாங்கினார். சவின்யீ ஒயின் ஊட்டம் தரும், இறையியல் அறிவு தரும், நோயை விரட்டும் என்று இந்த ஊரில் பழங்காலத்தில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இறையியல் எப்படி வரும் என்று அண்ணா ராத்திரி சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஞாயிறு

காலையில் போன் நகரத்தின் பழைய ஆஸ்பத்திரி. 1443இல் பர்கண்டிப் பிரபுவின் சான்சலர் நிக்கொலா ரோலன் ஏழைகளுக்காகக் கட்டியது. பல வண்ண ஓட்டுக் கூரை படத்தில் பார்ப்பதைவிட நேரில் அழகு. கூட்டம் அதிகம். ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம்.

பாரிசுக்குத் திரும்பும் வழி முழுக்க என் மண்டைக்குள் ஓடியது ஒரே கேள்வி. இவ்வளவு பெரிய இரும்பை ஒரு தனி ஆள் ஏன் வாங்குகிறார்? விலை பிரச்சினையே இல்லை. ஓய்வு பெற்ற போர் விமானம் பழைய இரும்புக் கடைக்குப் போகிற பொருள்தான். செலவு எல்லாம் கொண்டுவந்து சேர்ப்பதில். இறக்கையைக் கழற்ற வேண்டும், தாழ்ந்த டிரெய்லர் பிடிக்க வேண்டும், கிரேன் வேண்டும், கிராமத்துத் தெருவில் திருப்ப வேண்டும், இறக்கையைத் திரும்ப மாட்ட வேண்டும். டயர் காற்று இறங்குவதால் அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். அதன்பிறகு வருடக்கணக்கில் பாசியோடு சண்டை.

இதில் மிஷேல் போனுக்கு முன்னோடி அமெரிக்காவில் ஒருவர் இருந்தார். ஒகையோ மாநிலத்தின் நியூபரியில் வால்டர் சொப்லாட்டா என்ற தச்சர். இரண்டாம் உலகப்போர் முடிந்து ஆயிரக்கணக்கான விமானங்களை உருக்கிக்கொண்டிருந்த காலத்தில் தச்சுக் கூலியில் மிச்சம் பிடித்து, உலைக்குப் போகவேண்டியவற்றை ஒவ்வொன்றாக வாங்கித் தன் வீட்டு மரங்களுக்கு நடுவே நிறுத்தினார். மாளிகையும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. குடும்பமே சேர்ந்து இழுத்துக்கொண்டு வந்தவை. துருப்பிடிக்க விட்டுவிட்டார் என்று திட்டியவர்கள் உண்டு. ஆனால் அவர் எடுத்து வைக்காவிட்டால் அவை துருப்பிடிக்கக்கூட மிஞ்சியிருக்காது. அவர் 2010இல் இறந்தார். இரட்டை உடம்பு கொண்ட எக்ஸ்பி-82 என்ற சோதனை விமானத்தின் பாகங்கள் அந்தத் தோட்டத்திலிருந்துதான் போயின. ஜார்ஜியாவில் பத்து வருடம் போல உழைத்துச் சரிசெய்து, 2018 டிசம்பர் 31 அன்று அதைத் திரும்பப் பறக்கவிட்டார்கள்.

சவின்யீயில் இருப்பவை அப்படிப் பறக்கப் போவதில்லை. இருந்தாலும் பழைய விமானம் என்றால் செத்துப்போனது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே புல்லில் நிற்கும் ஜாகுவாரின் சகோதரர்கள் இந்திய விமானப்படையில் இன்னமும் பறக்கின்றன. பிரான்ஸ் அவற்றை 2005இலேயே ஓய்வில் அனுப்பிவிட்டது. உதிரி பாகம் கிடைக்காமல் இந்தியா தவித்தபோது, பிரான்சில் சும்மா நின்ற 31 ஜாகுவார்களைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம் என்று 2018இல் ஏற்பாடானது. வாகன உதிரி பாகத்துக்குப் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போகிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

காரில் பையனுக்கும் அண்ணாவுக்கும் எது வேகம் என்று தகராறு. பையன் மிக்-21 கட்சி, சித்தப்பாவின் செல்வாக்கு. அண்ணா லைட்னிங். அக்காவிடம் கேட்டார்கள். "எனக்கு எல்லாம் வேகம்தான், பேசாமல் ரோட்டைப் பாருங்கோ" என்றார். அப்புறம் என்னிடம் அந்த மிராஜ் படத்தைக் கேட்டு வாங்கினார். மேல்பக்கம் தெரிகிற படமாகப் பார்த்து ஒன்றை ஜெர்மனியில் இருக்கும் தன் தங்கைக்கு அனுப்பினார். தங்கையிடமிருந்து உடனே அழைப்பு வந்தது. வழியில் ஓசேர் நகரம் தாண்டும் வரை இருவரும் பேசினார்கள், பங்கரையும் பாம்பையும் யார் யார் எங்கே ஒளிந்தார்கள் என்பதையும் பற்றி. நடுவில் இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். எதற்கு என்று எனக்குப் பிடிபடவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால் சித்தப்பாவின் குரல் பதிவுகள் வரிசையாக. நான் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். அந்த மிக் எந்தத் தொழிற்சாலையில் செய்தது, மாஸ்கோவா கோர்க்கியா என்று தெரிய வேண்டுமாம். முன்சக்கரம் மடங்கும் குழிக்குள் ஒரு தகடு இருந்தாலும் இருக்கும், அதைப் படம் எடுத்தாயா என்கிறார். எடுக்கவில்லை. மாளிகைக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம், ஆனால் என் பிரெஞ்சு அதற்குக் காணாது. மேல் மாடிப் பையன் எழுதித் தருகிறேன் என்றிருக்கிறான். கூலி இரண்டு ஐஸ்கிரீம் என்றான், பேரம் பேசி ஒன்றாக்கியிருக்கிறேன்.